மாடி அறையில் ஒரு வசதியான விருந்து

சலவைக்கடையின் மாடி அறைக்குள் நுழைந்ததும் மூத்தவள் செய்த முதல் காரியம், கையைத் தட்டிப் பார்த்தது.

தட்டிய சத்தம் சுவரில் மோதி, தாழ்ந்த கூரையில் மோதி, திரும்பி வந்து விழுந்தது. கடைக்காரர் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். இந்த அறையை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் குழாயில் தண்ணீர் வருகிறதா, மின்விசிறி ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். கையைத் தட்டிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

எதிரொலி இருக்கிறதே என்றாள். காலி அறை அப்படித்தான் இருக்கும், நாளைக்கு ஆள் நிறைந்ததும் போய்விடும் என்றார் அவர். ஆள் நிறைந்தால்தான் பிரச்சினையே. அதை அவரிடம் சொல்ல முடியாது.

யாரிடமும் சொல்ல முடியாது. போன வாரம் அப்பாவுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தாள்.

பின்னால் வந்த சைக்கிள்காரன் விடாமல் மணியடித்தும் அப்பா விலகவில்லை. இடிபட்டு விழுந்தவர், கால் வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொல்லிச் சமாளித்துவிட்டார். கூட நடந்து வந்தவள் மூத்தவள். முழங்கையில் கட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவரிடம் அவள் நேராகவே கேட்டாள். அவர் மறுக்கவில்லை. காது போய் வருடக்கணக்காகிறது. முழுக்கப் போகவில்லை. தடித்த சத்தம் கேட்கும், கூர்மையான சத்தம் கேட்காது. எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்து மீதியை நிரப்பிக்கொள்வார். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஓய்வு பெறுகிற விருந்து முடிகிறவரை வாயைத் திறக்காதே என்றார். அவளும் தலையாட்டிவிட்டாள்.

ஆட்டிய பிறகுதான் யோசித்தாள். அப்பா வேறு எந்த வேலை பார்த்திருந்தாலும் இது வீட்டு விஷயம். அவர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டாரின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோரம் அழுத்தி, உள்ளே என்ன தேய்கிறது என்று சொல்லிவிடுவார் என்பது கம்பெனியில் பெரிய பேச்சு. ஓய்வுக்குப் பிறகும் அவரை விடப் போவதில்லை. கடைசிச் சோதனை வேலைக்கு அவரைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். அதை விருந்தில் மேனேஜரே எழுந்து சொல்லப் போகிறார். ரகசியம் என்று சொல்லித்தான் எல்லோரும் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள்.

கடைசிச் சோதனை என்றால், பழுது பார்த்தவர் கிளம்பிய பிறகு இன்னொருவர் போய்ப் பார்த்து, இனி ஆள் ஏறலாம் என்று சொல்வது. தனியாகப் போக வேண்டும். கூட யாரும் இருக்கக் கூடாது என்பது அந்த வேலையின் விதி.

விருந்தில் அப்பா நாலு பேர் முன்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது. விருந்து முடிந்ததும் அந்த வேலை வேண்டாமென்று அவரே சொல்லிவிட வேண்டும். அவள் போட்டிருந்த கணக்கு இவ்வளவுதான்.

அதனால் அறையை அப்பாவின் காதுக்கு ஏற்றபடி மாற்றத் தொடங்கினாள். கேட்டவர்களிடம், வருகிறவர்களுக்கு வசதியாக இருக்க வேண்டாமா என்று சொன்னாள். அது பொய்யுமில்லை.

சின்ன அறை. நடுவில் ஒரு தூண், தெருப் பக்கம் இரண்டு ஜன்னல், ஆள் மேல் ஆள் உரசிக்கொண்டு ஏற வேண்டிய படிக்கட்டு. கீழே இஸ்திரி போடுகிற சூடு தரை வழியாக மேலே வரும். நீள மேஜை வேண்டாமென்று முடிவு செய்தாள். நீள மேஜை போட்டால் இந்தக் கோடியில் இருப்பவன் அந்தக் கோடிக்குக் கத்துவான். நாலு நாலு நாற்காலியாகப் பிரித்து, நடுவில் குட்டி மேஜைகள். மேஜைக்கெல்லாம் தடித்த துணி, தட்டு வைக்கிற சத்தம் எழாமல் இருக்க. ஜன்னலுக்குக் கனமான திரை. தரையில், கடைக்காரரிடம் துவைக்க வந்து யாரும் வாங்கிப் போகாமல் கிடந்த கம்பளங்கள்.

அப்பாவின் நாற்காலி மூலையில். முதுகுக்குப் பின்னால் சுவர், தலைக்கு மேலே விளக்கு. அவரிடம் பேச வருகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும். பின்னாலிருந்து யாரும் கூப்பிட முடியாது.

இதை அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பி வந்தான். தெருவில் அவனுக்கு மைக்செட் என்று பெயர். கல்யாணம், கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு எதுவானாலும் ஸ்பீக்கர் அவனுடையதுதான். அறையைச் சுற்றிப் பார்த்தான். திரையைத் தொட்டுப் பார்த்தான். கம்பளத்தை மிதித்துப் பார்த்தான்.

"அக்கா, இது விருந்தா, துக்க வீடா?"

ஸ்பீக்கர் கூடாது என்று அவள் முந்தாநாளே சொல்லியிருந்தாள். அவன் அதை விளையாட்டென்று நினைத்திருந்தான். விளையாட்டில்லை என்று இப்போது தெரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. ஊரில் இருக்கிறவன் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் போய்ப் பாட்டுப் போடுகிறேன், சொந்த அப்பாவுக்கு மட்டும் ஊமைப் படம் ஓட்டுவதா என்று கேட்டான். கேட்டதில் நியாயம் இருந்தது.

சின்ன அறையில் பாட்டுப் போட்டால் யாரும் பேசிக்கொள்ள முடியாது என்றாள்.

"நம்ம வீட்ல யாரு என்னைக்குப் பேசியிருக்கா? கத்தித்தானே பழக்கம்."

அதுவும் உண்மை. அந்தக் குடும்பமே உரக்கத்தான் பேசும். உப்பை எடு என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு எடுத்து நீட்டுகிற அளவுக்குப் பேசும். மூத்தவளைக் கட்டியவன் கல்யாணத்துக்கு முன் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, உள்ளே ஏதோ பெரிய சண்டை என்று பயந்து வெகுநேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான். உள்ளே அன்றைக்கு, வருகிறவனுக்குக் காபி கொடுக்கலாமா டீ கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற கவுன்ட்டரில் உட்கார்கிறவள். கண்ணாடிக்குப் பின்னால் எல்லோருக்கும் மைக் உண்டு. அவளுடைய மைக்கை மட்டும் சூப்பர்வைசர் பிடுங்கி வைத்திருந்தார். அந்தம்மா சில்லறை கேட்டால் அடிக்க வருவது மாதிரி இருக்கிறது என்று பயணிகள் புகார்.

தம்பி ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனான். அவன் ஒன்றும் சொல்லாமல் போனால் ஏதோ செய்யப் போகிறான் என்று அர்த்தம். அதை யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

*

கம்பெனியிலிருந்து வருகிறவர்களில் முழங்கால் வலிக்காரர்கள் யார் யார் என்று அப்பாவைக் கேட்க வேண்டியிருந்தது. அவர்களைப் படிக்கட்டுப் பக்கமே உட்கார வைத்துவிடலாம். போனில் கேட்டால் அவர் சும்மா "சரி, சரி" என்பார். இத்தனை நாள் அதைப் பொறுமை என்று நினைத்திருந்தாள்.

அன்றைக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. மதியம் அங்கே போய் லிஃப்டில் ஏறினாள். உள்ளே ஒரு நர்ஸும், தள்ளுகட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். பாதி உயரம் போனதும் தலைக்கு மேலே சத்தம் வந்தது. ஊசியால் கண்ணாடியைக் கீறுகிற மாதிரி. மெல்லிசாக, விடாமல்.

படுத்திருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் பல்லைக் கடித்தாள். நேற்றிலிருந்து இப்படித்தான், காலையில் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் என்றாள். அந்த மெக்கானிக்கின் மகள் நான் என்று மூத்தவள் சொல்லிக்கொள்ளவில்லை.

மொட்டை மாடியில் இயந்திர அறை. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு கருவிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சுற்றி வந்து, முகத்துக்கு நேராக, பல்பு வெளிச்சத்தில் நின்றாள்.

"அப்பா, லிஃப்ட் கீச்சுன்னு கத்துது."

"எது?"

"நான் ஏறி வந்தது. காலைல நீங்க பாத்தது."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து மோட்டாரின் மேல் வைத்தார். சூடாக, ஒரே சீராக அதிர்ந்துகொண்டிருந்தது.

"எனக்குக் கை கேக்கும்மா. காதுதான் கேக்கணும்னு ஒண்ணும் இல்ல. இதுல ஏதாவது தப்பு தெரியுதா உனக்கு?"

தெரியவில்லை. கையில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. வாங்க, கூட ஏறிப் பாருங்க என்றாள்.

இருவரும் இறங்கினார்கள். இடையில் ஒரு மாடியில் ஒரு கிழவரும் அவர் மகனும் ஏறிக்கொண்டார்கள். சத்தம் தொடங்கியது. கிழவர் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார். மகன் அண்ணாந்து பார்த்தான்.

அப்பா அண்ணாந்து பார்க்கவில்லை. கிழவரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக. அவர் இத்தனை வருஷம் எப்படி வேலை பார்த்தார் என்பது அவளுக்கு அந்த இடத்தில் புரிந்தது.

மேலே திரும்பி வந்ததும் அவரே சொன்னார். கூட வருகிற உதவியாள் இன்றைக்கு லீவு. எப்போதும் அவனை லிஃப்டுக்குள் நிற்க வைத்து ஓட்டிப் பார்ப்பார். எங்காவது ஓர் இடத்தில் அவன் முகம் சுளித்தால் போதும், கையை வைத்துத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். அவனுக்கே அது தெரியாது. அண்ணன் நம்மள ஏன் இப்படி உத்துப் பாக்கறார் என்று கேட்டிருக்கிறானாம். இதைச் சொல்லும்போது அப்பா கொஞ்சம் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"கடைசிச் சோதனைக்குத் தனியாத்தானே போகணும்? அப்ப யார் மூஞ்சியப் பாப்பீங்க?"

சிரிப்பு நின்றது. அவர் திரும்பி, சுவரில் இருந்த பெரிய சுவிட்சைக் கீழே தள்ளினார். மோட்டார் அடங்கியது. "பழுது" என்று எழுதிய பலகையை எடுத்துக்கொண்டார். சரி, நிறுத்திவிட்டார். அந்த மட்டில் அவளுக்கு மூச்சு வந்தது.

"விருந்து முடியட்டும்" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"முடிஞ்சதும் அந்த வேலை வேணாம்னு சொல்லிடுவீங்களா?"

அவர் திரும்பவில்லை. அப்பாவிடம் பேச்சை முடித்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், அதற்கு மேல் சொன்னது எதுவும் அவருக்குச் சொன்னதாகாது. கேட்காமல் நிற்கிறாரா, கேட்டும் நிற்கிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கீழே மற்ற லிஃப்டின் முன்னால் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. தள்ளுகட்டில்கள் வரிசையில் நின்றன. யாரோ ஒருவர் கம்பெனிக்கு போன் போட்டு, காலையில் சரி என்றவர்கள் மதியம் எதற்கு நிறுத்தினார்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் படியில் இறங்கி வெளியே வந்தாள். முழங்கால் வலிக்காரர்களைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

*

மாடி அறைக்குத் திரும்பியபோது அம்மா அங்கே இருந்தாள். படிக்கட்டின் மேல்படியில் நின்று, இன்னும் இரண்டு மேஜைத் துணி வேண்டுமென்று கீழே கடைக்காரருக்கு ஆணையிட்டுக்கொண்டிருந்தாள். கட்டைக் குரல். போனில் பேசினால் புதிதாகப் பேசுகிறவர்கள் "சொல்லுங்க சார்" என்பார்கள். உங்கம்மா பேசினால் மாட்டி வைத்த சட்டையெல்லாம் ஆடுது என்று இஸ்திரி போடுகிற பெண் மூத்தவளிடம் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தத் தெருவில் அம்மாவுக்கு நல்ல பெயர் கிடையாது. வாய்க்காரி. புருஷனை வாயைத் திறக்க விடாதவள். பாவம் அந்த மனுஷன், சாது.

சின்ன வயதிலிருந்தே மூத்தவளுக்கும் அந்தக் கோபம் உண்டு. யாராவது அப்பாவிடம் ஏதாவது கேட்டால் அம்மா குறுக்கே புகுந்து, "ஏங்க, உங்களத்தான் கேக்கறார், எப்ப வந்தீங்கன்னு" என்று உரக்கத் திருப்பிச் சொல்லுவாள். ஒரு மனிதரை அவருடைய பதிலைக்கூடச் சொந்தமாகச் சொல்ல விட மாட்டாளா என்று இருக்கும்.

இருவரும் மேஜைக்குத் துணி விரித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சுருக்கம் எடுத்தார்கள். நாளைக்கு மேனேஜரெல்லாம் வருவார்கள், சின்ன இடம், கொஞ்சம் மெதுவாகப் பேசு என்று மகள் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த எரிச்சலும் அதில் சேர்ந்திருந்தது.

அம்மா துணியை இழுப்பதை நிறுத்தவில்லை.

"நான் மெதுவா பேசினா, உங்கப்பாவுக்கு யாரு சொல்றது?"

மகளின் கைதான் நின்றுபோனது.

"என்ன பாக்கறே? பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாதா? எத்தனையோ வருஷம் ஆச்சு. முதல்ல கீச்சுன்னு கத்திப் பாத்தேன், அவருக்கு எட்டல. குரலத் தாழ்த்தி, வயித்துலேந்து பேசினா எட்டுது. சரின்னு பழகிக்கிட்டேன். நான் பேசறதப் பாத்து நீங்களும் பழகிட்டீங்க."

வீட்டில் எல்லோரும் ஏன் கத்துகிறோம் என்று அந்தப் பிள்ளைகள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அது தங்கள் குடும்பத்துக் குரல் என்று நினைத்திருந்தார்கள்.

தெரியும் என்று அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அம்மா அடுத்த மேஜைக்கு நகர்ந்தாள்.

"சொன்னா ஒடிஞ்சு போயிடுவார். எனக்கு வாய்க்காரின்னு பேர் வந்தா வரட்டும். என்ன, யாரும் வந்து சோத்தப் பிடுங்கிடப் போறாங்களா? அவருக்குச் செவிடன்னு பேர் வரக்கூடாது. வேலைக்குப் போற வரைக்கும் அவர் லிஃப்ட்காரர். வீட்ல உக்காந்தா அன்னையிலேந்து செவிடர்தான்."

மூத்தவள் லிஃப்டைப் பற்றிச் சொன்னாள். கீச்சென்ற சத்தத்தையும், தள்ளுகட்டிலில் இருந்த பெண்ணையும், அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்ததையும், புது வேலைக்குத் தனியாகத்தான் போக வேண்டும் என்பதையும். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். துணியில் சுருக்கமே இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"விருந்து முடியட்டும்டி" என்றாள் கடைசியில்.

"அப்பாவும் இதையேதான் சொன்னார்."

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதே. என்மேல சத்தியம்."

ஆக, இரண்டு வாக்கு ஆயிற்று. அம்மாவுக்குத் தெரியாது என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார்; அவர் அப்படியே நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று அம்மா. நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் அவள். முப்பது பேருக்கு நாற்காலி எங்கே போடுவது என்பதுதான் இந்த விருந்தின் பெரிய தலைவலியாக இருக்குமென்று போன மாதம் நினைத்திருந்தாள்.

*

சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து நேராக வந்தார். கை கழுவிவிட்டு, யாரும் சொல்லாமலே நாற்காலிகளை எடுத்துப் போட ஆரம்பித்தார். மூலையில் தனக்காகப் போட்டிருந்த நாற்காலியைப் பார்த்தார். பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார், அதற்கு மேலே இருந்த விளக்கைப் பார்த்தார். மகளைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். அதைவிடப் பெரிய நன்றி அவரிடமிருந்து வராது.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். தம்பி ஒரு ஸ்பீக்கரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறி வந்தான். அக்கா வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டான். தானாகக் கொண்டு வரவில்லை. மேனேஜரே போன் செய்து, நாலு வார்த்தை பேச ஒரு மைக் வேண்டும் என்று கேட்டாராம். பாட்டு கிடையாது, ஒரே ஒரு மைக், ஒரே ஒரு ஸ்பீக்கர். இதற்கும் கூடாது என்றால் நீயே அவருக்கு போன் போட்டுச் சொல் என்றான்.

அதற்கு அவசியம் இருக்கவில்லை. மேனேஜரே வந்துவிட்டார். அப்பாவைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். அப்பாவிடம்தான் தொழில் கற்றுக்கொண்டதாக எல்லோரிடமும் சொல்வார். அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நாளைக்கு எங்கே நின்று பேசுவது என்று பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். அறை நன்றாக இருக்கிறது, இதம் என்றார். கம்பளம், திரை எல்லாவற்றையும் பாராட்டினார். ஆனால் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அவர் இதற்காக மட்டும் வரவில்லை என்று மூத்தவளுக்குத் தெரிந்தது.

அப்பா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். தம்பி மைக்கில் தட்டிப் பார்த்தான். அறை சின்னது. மைக்கை ஸ்பீக்கருக்கு நேர் எதிரில் பிடித்துவிட்டான்.

ஸ்பீக்கர் வீறிட்டது.

அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மூத்தவள் பொத்திக்கொண்டாள். மேனேஜர் கைப்பையை நழுவ விட்டுப் பொத்திக்கொண்டார். கீழே கடைக்காரர் ஏதோ கத்தினார். தம்பி ஒரு தோளால் காதை அழுத்திக்கொண்டு, வயரைத் தேடித் தரையில் தடவினான். சத்தம் நின்றபாடில்லை. திரையும் கம்பளமும் ஒன்றும் செய்யவில்லை.

அப்பா நாற்காலியைக் கீழே வைத்தார். அதன் கால் ஒன்று கம்பளத்தின் ஓரத்தில் ஏறியிருந்தது. குனிந்து அதைச் சரி செய்தார். கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைத்தார். எட்டி நின்று அழகு பார்த்தார்.

தம்பிக்கு வயர் கிடைத்தது. பிடுங்கினான். சத்தம் நின்றது.

அப்பா நிமிர்ந்தார். எல்லோரும் காதில் கையோடு நிற்பதைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு, தன் இரண்டு கையையும் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டார்.

மற்றவர்கள் அதற்குள் கையை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த அமைதியில் அவர் மட்டும் பொத்திக்கொண்டு நின்றார்.

தம்பி கையில் வயரோடு அப்பாவையே பார்த்தான். தொழில் தெரிந்தவன். அவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் முகம் வெளுத்துப்போனதை மூத்தவள் பார்த்தாள்.

மேனேஜர் குனிந்து கைப்பையை எடுத்தார். தூசியைத் தட்டினார். மெதுவாக நடந்து ஜன்னல் பக்கம் போய், திரையை விலக்கித் தெருவைப் பார்த்தபடி நின்றார். அப்பாவுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. வேண்டுமென்று செய்தாரா, பார்க்கச் சங்கடப்பட்டுச் செய்தாரா, சொல்ல முடியாது.

"அண்ணே" என்றார் தெருவைப் பார்த்துக்கொண்டே. சாதாரணமாகப் பேசுகிற குரல்தான். "ஆஸ்பத்திரி லிஃப்ட்ட காலைல சரின்னு சொல்லிட்டு மத்தியானம் நிறுத்தியிருக்கீங்க. அவங்க புகார் சொல்றாங்க. நான் உங்க பக்கம்தான். ஆனா எனக்குத் தெரியணும். என்ன சத்தம் கேட்டீங்க?"

அப்பா காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, கம்பளத்தின் ஓரத்தைக் காலால் நீவிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் திரும்பவில்லை.

அம்மா மூச்சை இழுத்தாள். வயிற்றிலிருந்து குரல் எடுப்பதற்கு முன்னால் அவள் எப்போதும் இழுக்கிற மூச்சு. ஏங்க, உங்களத்தான் கேக்கறாங்க, என்ன சத்தம் கேட்டீங்கன்னு. அது வெளியே வந்துவிட்டால் அப்பா ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார். நாளைக்கு விருந்து நடக்கும். மேனேஜர் மைக்கில் அறிவிப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். அதற்கடுத்த நாள் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு எங்கோ ஓர் இயந்திர அறைக்குத் தனியாகப் போவார்.

மூத்தவள் எட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மா, வேணாம்."

மெதுவாகத்தான் சொன்னாள். அந்தக் குடும்பத்தில் யாரும் அவ்வளவு மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை. ஜன்னலோரம் நின்றவருக்கு அது கேட்டது. தம்பிக்குக் கேட்டது. அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா கம்பளத்தை நீவி முடித்துவிட்டு நிமிர்ந்து, "இன்னும் ரெண்டு நாற்காலி போடலாம் இங்க, தாராளமா இடம் இருக்கு" என்றார்.

மேனேஜர் திரும்பினார்.